பாட்டியின் அதிரசம்: நினைவு நாள் படையலுக்கு முதன்முறை சுடுபவர்களுக்கு

பாட்டியின் நினைவு நாளுக்கு அவர் சுட்ட மாதிரியே அதிரசம் வைக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்த பிறகுதான் அளவைத் தேடத் தொடங்குவார்கள். பழைய நோட்டில் "பச்சரிசி 1 படி, வெல்லம் முக்கால், ஏலம், நெய்" என்று ஒற்றை வரி கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலான வீடுகளில் அதுவும் இருக்காது. கிடைத்தாலும் அந்த வரியை வைத்து அதிரசம் சுட முடியாது. அதிரசத்தில் அளவு கால் பங்கு வேலைதான். மாவின் ஈரமும் பாகின் பதமும் மீதி முக்கால் பங்கு. அவை இரண்டையும் எந்தப் பாட்டியும் எழுதி வைத்ததில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. படையலுக்குச் செய்வதைப் படைத்து முடிக்கும்வரை வாயில் வைக்கக் கூடாது என்பது பல வீடுகளில் கண்டிப்பான வழக்கம். அன்றைக்கு இனிப்பு சரியா, உள்ளே வெந்ததா என்று தின்று பார்க்க வழியில்லை. பாட்டி இத்தனை வருஷமும் அப்படித்தான் சுட்டார். கண்ணால், காதால், விரலால். முதன்முறை செய்பவரும் அந்த அடையாளங்களைத்தான் கற்க வேண்டும். அதற்கு நினைவு நாளுக்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகை தொடங்குவது நல்லது. ஒத்திகை அதிரசம் படையலுக்கு இல்லை என்பதால் தாராளமாகத் தின்று பார்க்கலாம்.

இறப்பு நடந்த வீட்டில் ஒரு வருஷம் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்ற வழக்கம் இருந்தால் ஒத்திகைக்கே தடை வரும். பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வேறு பங்காளியல்லாத உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ பழகுங்கள். திதி பார்க்கும் வீடுகளில் தேதி ஆண்டுதோறும் நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பஞ்சாங்கத்தில் இந்த வருஷத் தேதியைப் பார்த்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

முதலில் விசாரணை

"பாட்டி அதிரசம் எப்படிச் செய்வாங்க?" என்று கேட்டால் "அவங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்ற பதில்தான் கிடைக்கும். துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். மாவை உரலில் இடித்தாரா, மில்லில் கொடுத்தாரா? வெல்லம் உருண்டையா, அச்சா, கருப்பட்டியா? பதம் பார்க்கத் தட்டில் தண்ணீர் வைத்தாரா, விரலிடுக்கில் தொட்டுப் பார்த்தாரா? கிண்டிய மாவு ஜாடியில் எத்தனை நாள் இருந்தது? வாழையிலையில் தட்டினாரா? நடுவில் ஓட்டை இருந்ததா? எள் மேலே ஒட்டியிருந்ததா, மாவுக்குள்ளே கலந்திருந்ததா? சுக்கு வாசனை வந்ததா? தின்றவர்களுக்கு இவையெல்லாம் நினைவிருக்கும், கேட்கத்தான் ஆள் வேண்டும். சட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரப்பிள்ளைகளைவிட, மாவு தட்டிக் கொடுத்த மருமகளிடமும் மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போன பிள்ளையிடமும் நம்பகமான தகவல் கிடைக்கும்.

பாட்டியின் சொந்த ஊரையும் கேளுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்றால் கருப்பட்டி அதிரசமாக இருக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கன்னட, தெலுங்குக் குடும்பமாக இருந்தால் அவர் செய்தது கஜ்ஜாயமாகவோ அரிசெலுவாகவோ இருந்திருக்கலாம். அரிசெலுவுக்கு அரிசி ராத்திரி முழுக்க ஊறும். யாழ்ப்பாணத்து வீடு என்றால் அரியதரம், அதில் சர்க்கரைப் பாகும் உண்டு. இந்தக் கட்டுரையில் உள்ளது கரும்பு வெல்லத்தில் செய்யும் தமிழ்நாட்டு அதிரசம். மற்றவற்றுக்கு இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு மாற்றலாம்.

அளவுச் சொற்களில் ஒரு கவனம். 8 ஆழாக்கு 1 படி. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. இந்தக் கணக்கு மாறாது. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும், தலைதட்டி அளப்பதா கோபுரமாக அளப்பதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே இணையத்தில் "1 படி எத்தனை கிராம்" என்று தேடாதீர்கள். அவர் புழங்கிய அந்தப் படியோ டம்ளரோ பரணில் கிடந்தால் எடுத்து, அரிசியை நிரப்பி, தராசில் வைத்து எடை குறியுங்கள். அதே பாத்திரத்தில் பொடித்த வெல்லத்தையும் நிரப்பி எடை போடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஒரே பாத்திரம் நிறைய அரிசி எடுத்தால் வரும் எடை வேறு, பொடித்த வெல்லம் எடுத்தால் வரும் எடை வேறு. நோட்டிலுள்ள "முக்கால்" பாத்திரக் கணக்கா எடைக் கணக்கா என்று தெரியாமல் சுட்டால் இனிப்பு கூடியோ குறைந்தோ இருக்கும். இன்னும் பழைய குறிப்பில் வீசை, பலம் வந்தால் 1 பலம் 35 கிராம், 1 சேர் 280 கிராம், 1 வீசை 1,400 கிராம் என்று கொள்ளலாம்.

பாட்டியின் தங்கையோ பெரியம்மாவோ இன்னும் கையால் செய்கிறார் என்றால் அவரை அளந்து போடச் சொல்லாதீர்கள், கை தடுமாறிவிடும். அவர் பாட்டுக்குச் செய்யட்டும். அரிசி டப்பா, வெல்லப் பொட்டலம், நெய்க் கிண்ணம் மூன்றையும் தொடங்கும் முன் எடை போட்டு வையுங்கள். முடிந்த பின் மறுபடி போடுங்கள். குறைந்ததுதான் அளவு. கைபேசியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மேலிருந்து வாணலியைப் பார்க்கும்படி வையுங்கள். பாகு காய்ச்சும்போது மட்டும் "இப்ப என்ன பாக்குறீங்க?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தொடக்க அளவு

500 கிராம் பச்சரிசி, 375 கிராம் வெல்லம், 120 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி ஏலக்காய்த் தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், ஒரு மேசைக்கரண்டி எள், இரண்டு மேசைக்கரண்டி நெய், பொரிக்கக் கடலை எண்ணெய். 25 அதிரசம் வரை வரும்.

பழகுவதற்குத்தானே என்று இதைவிடக் குறைத்துச் செய்யாதீர்கள். 200 கிராமுக்குக் குறைந்த வெல்லத்தில் பாகு, பதத்துக்கு வருவதும் பதம் தாண்டுவதும் அரை நிமிஷத்துக்குள் நடந்துவிடும். புதிதாகச் செய்பவருக்கு அந்த அவகாசம் போதாது.

அரிசி

மளிகைக் கடையில் "மாவுப் பச்சரிசி" என்று கேட்டால் கொடுப்பார்கள். புழுங்கல் அரிசி ஆகவே ஆகாது, பாஸ்மதியும் வேண்டாம். நன்றாகக் கழுவி 2 மணி நேரம் ஊற வையுங்கள். வடிதட்டில் கால் மணி நேரம் வடியவிட்டு, பருத்தித் துணியில் நிழலில் பரப்புங்கள். வெயில் கூடாது, மின்விசிறிக்கு நேர் கீழேயும் கூடாது. 20 நிமிஷத்திலிருந்து தொட்டுப் பார்க்கத் தொடங்கலாம். ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரித்தால் நாலைந்து அரிசி உள்ளங்கையில் ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் கையில் தண்ணீர் படியக் கூடாது. மழைக்காலத்தில் இதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள்.

மில்லுக்குக் கொண்டுபோனால் "அதிரசத்துக்கு, ஈர மாவு" என்று சொல்லிக் கொடுங்கள். நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் திரும்பி வந்துவிடுவதே மேல். மிக்ஸியில் என்றால் இரண்டு கைப்பிடி இரண்டு கைப்பிடியாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் மாவின் ஈரம் போய்விடும். சன்ன மாவுச் சல்லடையில் சலித்து, மேலே நின்ற குருணையைத் திரும்ப அரையுங்கள். நறநறவென்ற மாவில் சுட்டால் எண்ணெயில் ஓரம் உதிரும்.

இப்போது மாவைக் கைப்பிடியில் இறுக்கிப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி உருவம் நிற்க வேண்டும், விரலால் குத்தினால் பொலபொலவென உடைய வேண்டும். 500 கிராம் அரிசிக்கு ஈர மாவு 600 கிராமை ஒட்டி இருக்கும். இதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். மாவைப் பாத்திரத்தில் அழுத்தி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு உடனே பாகுக்குப் போங்கள். கடையில் விற்கும் இடியாப்ப மாவு, வறுத்த அரிசி மாவு எதுவும் சரிப்படாது. அவை காய்ந்த மாவு. பாகை முழுக்கக் குடித்துவிட்டு மறுநாள் கல்லாகிவிடும்.

வெல்லமும் பாகும்

கடைக்காரரிடம் "பாகு வெல்லம்" என்று கேளுங்கள். கருஞ்சிவப்பாக, விரலால் அழுத்தினால் சற்றே பிசுபிசுப்பாக இருக்கும். பளிச்சென்று வெளிர்மஞ்சளாக இருப்பது நிறத்துக்காக ஹைட்ராஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். பார்க்க அழகு, அதிரசத்துக்கு நிறமும் வராது, மணமும் வராது. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால் வாங்க வேண்டாம். பாட்டியின் அதிரசம் "கறுப்பா இருக்கும்" என்று எல்லோரும் சொன்னால் அது தீய்ந்த கறுப்பு இல்லை, வெல்லத்தின் கறுப்பு. அந்த ருசிக்கு முதல் காரணமே வெல்லம்தான். நல்ல வெல்லம் கிடைத்துவிட்டால் படையல் முடியும்வரை போதுமான அளவு ஒரே கடையில், ஒரே மூட்டையிலிருந்து வாங்கி வையுங்கள். ஒத்திகைக்கு ஒரு வெல்லம், படையலுக்கு வேறு வெல்லம் என்றால் கற்றதெல்லாம் வீண்.

வெல்லத்தைத் தட்டிப் பொடித்து, தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் கரையும்வரை மட்டும் சூடாக்குங்கள். வடிகட்டினால் அடியில் மண்ணும் கரும்புச் சக்கையும் நிற்கும். அடிகனமான வாணலியைக் கழுவிவிட்டு, வடித்த கரைசலை ஊற்றி நடுத்தரத் தீயில் காய்ச்சுங்கள். பக்கத்தில் அகலமான தட்டில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

முதலில் வெளிறிய பெரிய நுரை பொங்கி மேலே வரும். அப்போது ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. சற்று நேரத்தில் நுரை அடங்கி, குமிழிகள் சிறுத்து, கனத்து, ஒன்றோடொன்று நெருங்கி வெடிக்கும். சலசலவென்று இருந்த சத்தம் பொத்பொத்தென்று மந்தமாகும். இங்கே கவனம் தொடங்க வேண்டும். ஒரு சொட்டை எடுத்துத் தட்டுத் தண்ணீரில் விடுங்கள். கரைந்து தண்ணீர் நிறம் மாறினால் இன்னும் நேரம் இருக்கிறது. கரையாமல் நூலாகப் படுத்துக்கொண்டு, விரலால் கூட்டினால் வழுக்கிப் பிரிந்தால் இன்னும் ஒரு நிமிஷம். விரலால் கூட்டக் கூட்டத் திரண்டு, மெத்தென்ற உருண்டையாகி, தண்ணீரைவிட்டு வெளியே எடுத்தால் விரல்நுனியில் மெல்லத் தளர்ந்து உட்கார்ந்தால் அதுதான் பதம். தக்காளிப்பழப் பதம் என்று சில வீடுகளில் சொல்வார்கள். உருண்டை தளராமல் விறைத்து நின்றால் சற்றுத் தாண்டிவிட்டது. பாத்திரத்தில் தட்டினால் "டங்"கென்று கேட்டால் அது கமர்கட்டுக்கு ஆகும், அதிரசத்துக்கு ஆகாது.

ஒவ்வொரு முறை சொட்டு விட்டுப் பார்க்கும்போதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். தட்டில் விரலை வைத்து யோசிக்கும் நேரத்தில் வாணலியில் பாகு முற்றிக்கொண்டே இருக்கும். புதியவர்களின் அதிரசம் கெட்டியாகப் போவதற்கு இதுதான் பெரிய காரணம். உருளியும் இரும்பு வாணலியும் அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், அவற்றில் ஒரு மயிரிழை முன்னதாகவே இறக்குவது நல்லது.

வெப்பமானி இருந்தால் சென்னை, மதுரை போன்ற ஊர்களில் 112 முதல் 114 டிகிரி. மலை ஊர்களில் இந்த எண் பொருந்தாது. தண்ணீர் எந்த டிகிரியில் கொதிக்கிறதோ அதற்கு மேல் 12 முதல் 14 என்று கணக்கு வையுங்கள். பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், ஊட்டியில் 93ஐ ஒட்டி. கூடலூரிலும் குன்னூரிலும் இருந்துகொண்டு 114க்குக் காத்திருந்தால் பாகு முற்றிவிடும். ஆனால் வெப்பமானியை ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கூடவே விரலையும் பழக்குங்கள். பாட்டி டிகிரிக் கணக்குப் பார்க்கவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. வாணலியில் பாகு ஆழமில்லாமல் இருக்கும்போது வெப்பமானியின் முனை முழுதாக மூழ்காமல் தப்புக் காட்டும்.

கிண்டுவது

அடுப்பை அணைத்து, ஏலம், சுக்கு, எள், ஒரு கரண்டி நெய் சேர்த்து, மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக்கொண்டே மரக்கரண்டியால் கிண்டுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உள்ளே மாவு முடிச்சுகள் நிற்கும், பிறகு எப்படிப் பிசைந்தாலும் கரையாது. கெட்டியான இட்லி மாவு மாதிரி, கரண்டியைத் தூக்கினால் பட்டையாக, சோம்பலாக விழும் நிலையில் நிறுத்திவிடுங்கள். 50 முதல் 75 கிராம் மாவு மிஞ்சலாம், மிஞ்சுவதுதான் சரி. அதை உறையில் கட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

"இவ்வளவு தளர்வா இருக்கே" என்று பயந்து மிச்ச மாவையும் கொட்டுவது எல்லோரும் செய்யும் தப்பு. ஆற ஆற அரிசி மாவு பாகை இழுத்துக்கொண்டு இறுகும். கிண்டும்போது சப்பாத்தி மாவாக இருப்பது காலையில் செங்கல்லாக இருக்கும். கிண்டும்போது தளரத் தளர இருப்பதுதான் காலையில் சப்பாத்தி மாவாக வரும்.

பீங்கான் ஜாடியிலோ மண்சட்டியிலோ மாற்றி, மேலே நெய் தடவி, துணியால் வேடு கட்டுங்கள். ஒரு நாள் கட்டாயம். இரண்டு நாள் இருந்தால் இன்னும் நல்லது. இந்த நேரத்தில் பாகு மாவுக்குள் சமமாகப் பரவி, தட்டும்போது ஓரம் வெடிக்காத நெகிழ்வு வருகிறது. மெல்லிய புளிப்பு வாசமும் ஏறுகிறது. "கடையில வாங்கினா அந்த வாசம் இல்ல" என்று பெரியவர்கள் சொல்வது பல நேரம் இதைத்தான். மூன்றாவது நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மேலே பூஞ்சை படிந்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சுடலாம் என்று நினைக்க வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள். பாகு இளசாக இருந்தால்தான் பெரும்பாலும் அப்படி ஆகும்.

திவசத்துக்கு அன்றன்றைக்கே மடியாகச் செய்ய வேண்டும் என்ற வீடுகளில் இரண்டு நாள் ஊறவிட முடியாது. அங்கே காலையில் கிண்டி மதியத்துக்குள் சுட வேண்டும். அதே மணிக்கணக்கில் ஒத்திகை பாருங்கள். இரண்டு நாள் ஊறிய மாவில் கற்ற கை, இரண்டு மணி நேர மாவில் திணறும்.

சுடுவது

மாவை எடுத்து, உள்ளங்கையில் நெய் தொட்டு நன்றாகப் பிசையுங்கள். 40 கிராம், அதாவது சிறிய எலுமிச்சை அளவு உருண்டை. நெய் தடவிய வாழையிலையில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு, விரல்நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். ஓரம் மெலிந்தால் அங்கே முதலில் தீய்ந்துவிடும். நடுவில் ஓட்டை போடுவது வீட்டு வழக்கம். போட்டால் நடு சீக்கிரம் வேகும் என்ற லாபம் உண்டு.

எண்ணெய் 150 முதல் 160 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு கிள்ளு மாவைப் போடுங்கள். அடியில் போய் ஒரு மூச்சு நின்று, பிறகு நிதானமாக மேலே வந்தால் சரி. போட்டவுடன் துள்ளி மேலே வந்தால் சூடு அதிகம்; வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். அடியிலேயே கிடந்தால் எண்ணெய் குடிக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதிரசம் உப்பி மேலே வந்ததும் ஒரே ஒருமுறை திருப்புங்கள். சிவக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் ஒரு சாயல் கறுக்கும்.

சல்லிக்கரண்டியில் எடுத்து, இன்னொரு தட்டைக் கரண்டியால் மேலே அழுத்துங்கள். எண்ணெய் தாரையாக வடிவதைக் கண்ணால் பார்க்கலாம். இதற்கென்றே மரப்பலகை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. பாட்டியுடையது இருந்தால் எடுத்து எண்ணெய் தடவிப் புழங்குங்கள். அழுத்தியதைச் சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வடிதட்டில் சாய்த்து நிறுத்துங்கள்.

முதல் அதிரசத்தைச் சோதனைக்கு என்று ஒதுக்குங்கள். படையல் நாள் என்றால் வாயில் போட வேண்டாம், பிய்த்துப் பாருங்கள். உள்ளே ஈரமாக, வலைவலையாக, ஒரே நிறத்தில் இருந்தால் வெந்துவிட்டது. நடுவில் வெள்ளைக் கோடோ பிசுக்கோ தெரிந்தால் தீயைக் குறைத்து இன்னும் சற்று நேரம் விட வேண்டும்.

எண்ணெயில் போட்டதும் பிரிந்து, நுரைத்து, துகள்துகளாகப் போனால் பாகு இளசு அல்லது மாவு குறைவு. எடுத்து வைத்த ஈர மாவில் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு மறுபடி ஒன்று போட்டுப் பாருங்கள். தட்டும்போதே ஓரம் வெடித்து, சுட்டால் பல்லுக்குச் சவால் விட்டால் பாகு முற்றல். வெதுவெதுப்பான பாலைக் கரண்டி கரண்டியாகத் தெளித்துப் பிசைந்து அரை மணி நேரம் விடலாம். கனிந்த வாழைப்பழம் பிசைந்து சேர்க்கும் வழக்கமும் உண்டு; அதிரசம் மெத்தென்று வரும், ஆனால் பழ வாசனை ஏறிவிடும், நாள்பட இருக்காது. பாட்டியின் ருசியைத் தேடுபவர் இதைக் கடைசிக் கதியாக வைத்துக்கொள்ளட்டும். வெளியே சீக்கிரமே கறுத்தால் முதலில் தீயைக் குறையுங்கள். அப்படியும் கறுத்தால் வெல்லம் அதிகம்.

அவர் ருசிக்குக் கிட்டே போவது

சுட்ட அன்றைக்கே யாருக்கும் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள். சூடான அதிரசம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வெளியே இருந்த முறுகல் தளர்ந்து, இனிப்பு சமமாகி, அதற்கென்று ஒரு கடி வருவது மறுநாள்தான். பாட்டி சுட்டதைத் தின்றவர்களிடம் மறுநாள் கொடுத்து, எதை மாற்றினீர்கள் என்று சொல்லாமல், இனிப்பு, கடி, வாசனை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "அதே மாதிரி இருக்கா?" என்று கேட்டால் மனசு நோகக் கூடாதென்று "இருக்குப்பா" என்றுதான் சொல்வார்கள்.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இனிப்புப் போதாது என்றால் வெல்லத்தை 400க்கு ஏற்றுங்கள், கூடுதல் என்றால் 350க்கு இறக்குங்கள். "இன்னும் மெத்துனு இருக்கும்" என்றால் பாகை ஒரு டிகிரி முன்னதாக இறக்குங்கள். "ஓரம் முறுமுறுனு இருக்கும்" என்றால் கனத்தைக் குறைத்துத் தட்டுங்கள். வாசனையில் ஏதோ குறைகிறது என்றால் முதலில் ஊறும் நாளைக் கூட்டிப் பாருங்கள், பிறகு சுக்கு, அதன்பின் எண்ணெய். ஏலக்காயை அள்ளிப் போட்டுச் சரிக்கட்ட நினைக்க வேண்டாம், வெல்ல மணத்தையே அமுக்கிவிடும்.

பிள்ளைகளுக்குள் சண்டை வரும். மூத்தவர் "கறுப்பா, அழுத்தமா இருக்கும்" என்பார், கடைசிப் பிள்ளை "சிவப்பா, லேசா இருக்கும்" என்று சாதிப்பார். இருவருமே சரியாகச் சொல்லக்கூடும். உரலும் விறகடுப்பும் இருந்த காலத்து அதிரசம் வேறு, மில்லும் கேஸ் அடுப்பும் வந்த பிறகு அதே கை சுட்டது வேறு. வயதான பிறகு சர்க்கரை நோய்க்காக வெல்லத்தைக் குறைத்திருக்கவும் கூடும். எந்தக் காலத்துப் பாட்டியின் அதிரசம் வேண்டும் என்று குடும்பம் முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். விறகுப் புகை வாசனையை கேஸ் அடுப்பில் கொண்டுவர முயல்வது வெட்டி வேலை. நல்ல கறுத்த வெல்லம் அந்தக் குறையை ஓரளவு மறைக்கும்.

சரியாக வந்த அன்றே எழுதி வையுங்கள்: அரிசி, வெல்லம், தண்ணீர், சேர்ந்த மாவு எத்தனை கிராம், மிஞ்சியது எத்தனை, பாகு இறக்கிய சூடு, எந்த வாணலி, எத்தனை நாள் ஊறியது, வெல்லம் வாங்கிய கடை. பக்கத்திலேயே பாட்டியின் படிக் கணக்கையும், எந்தத் தகவலை யார் சொன்னார் என்பதையும் குறியுங்கள். பதத்தை எண்ணாக மட்டும் எழுதாமல், தண்ணீரில் உருண்டை எப்படி உட்கார்ந்தது என்று ஒரு வரியில் எழுதுங்கள். அந்த உருண்டையைப் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படையல் நாள் கணக்கு இது: மூன்று நாள் முன்பு காலையில் அரிசி ஊறவைத்து, மதியம் கிண்டி ஜாடியில் வைப்பது, முந்தின நாள் மாலை சுடுவது, ராத்திரி முழுக்க வடியவிட்டு, காலையில் இலையில் வைப்பது. படையலுக்கு வேண்டியதை முதலில் சுட்டுத் தனியாக எடுத்து மூடிவிட்டால், பிள்ளைகள் கைபோடும் கவலை இல்லாமல் மீதியை நிதானமாகச் சுடலாம்.

எண்ணெய் நன்றாக வடிந்து முழுக்க ஆறிய அதிரசம் எவர்சில்வர் டப்பாவில் பத்து நாளுக்கு மேல் தாங்கும். சூடு இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தூர ஊர் உறவினர்களுக்கு அனுப்புவதாக இருந்தால் சுட்டு ஒரு நாள் கழித்து, இரண்டிரண்டாக வெண்ணெய்த் தாளில் சுற்றி அடுக்குங்கள். சுடாமல் மிஞ்சிய மாவை உருண்டைகளாக்கி நெய் தடவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள், சில்லென்ற மாவைத் தட்டினால் ஓரம் வெடிக்கும்.